ஆளுக்கொரு பஞ்சாரம்

வல்லூறு குறைந்தால் கோழிக்குப் பயம் போய்விடும், அது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அப்படிப் போன பயம் எங்கே போய்த் தங்கும் என்று மேல்பாடியில் ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. அது எங்கேயும் தொலைந்து போகவில்லை. மலையிலிருந்து இறங்குகிற பனி மாதிரி இறங்கி, கோழியை விட்டு, குருவியை விட்டு, அணிலை விட்டு, கடைசியில் வேறு இடம் இல்லாமல் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளுக்குள் வந்து, பாய் விரித்துப் படுத்திருந்த மனுசர்களின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதலில் பிடித்தது சூப்பர்வைசர் ஆசீர்வாதத்தை. நல்ல வெயிலில், கொழுந்து எடை போடுகிற இடத்தில் நின்று, "இது கொழுந்தா, மாட்டுத் தீனியா? பூராவும் காம்பு" என்று ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருந்த மனுசன் பாதிப் பேச்சில் நிறுத்தினார், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தார், அப்புறம் தொப்பை மண்ணில் உரச ஊர்ந்துபோய் ஒரு தேயிலைச் செடிக்கு அடியில் புகுந்துவிட்டார். வானத்தில் ஒன்றும் இல்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "சார், அடியில முட்டை கிட்டை வச்சிருக்கியளா, அடை காக்கப் போறியளா?" என்று பேச்சித்தாய் கேட்டாள். அன்றைக்கு ரொம்பச் சிரித்தவள் அவள்தான். அந்த வாரம் முடிவதற்குள் பேச்சித்தாய் கட்டிலுக்கு அடியில் இருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு.

பேச்சித்தாயின் ஒரே மகள் தங்கமாரி. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டாய் என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது "பிடிக்கல சார்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தவள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், போனில் மட்டும் இருந்தார். ஆகவே அம்மாவை வெளியே இழுக்கிற வேலை தங்கமாரியின் தலையில் விழுந்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, குனிந்து பார்த்து, "எம்மா, மேல ஓடு இருக்கு, ஓட்டுக்கு மேல ஒண்ணும் இல்ல, வெளிய வா" என்பாள். "இருக்கு" என்பாள் அம்மா. "என்ன இருக்கு?" "இருக்குட்டி." அவ்வளவுதான் பேச்சு.

தங்கமாரிக்கும் பயம் இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை, மறைக்கத் தெரியவும் தெரியாது. முதுகுத்தண்டின் நடுவில், கை எட்டாத இடத்தில், யாரோ வெகு உயரத்திலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. வீட்டை விட்டு வெளியே கால் வைத்தால் அந்த இடம் சில்லிட்டு, கால் தானாக மடங்கும், தோள் தானாகக் காதை நோக்கி ஏறும், வாய்க்குள் எச்சில் வற்றிப்போகும். யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலாவது சண்டைக்குப் போகலாம். தெரியவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ராத்திரியில் கோழியைக் கவிழ்த்து மூடுகிற பெரிய மூங்கில் கூடை இருக்கிறதே, பஞ்சாரம், அதில் ஆள் உயரத்துக்கு ஒன்று முடைந்து தரச் சொல்லி ஆசீர்வாதம் கூடைக்கார சன்னாசியிடம் கேட்டார், தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆள் கணக்கெடுக்கிற மஸ்டருக்கு வந்தார், பேர் கூப்பிட்டார், வேலைக்கு ஆள் பிரித்தார், ஒரு தடவைகூட ஒளியவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அன்று சாயங்காலமே சன்னாசி வீட்டு வாசலில் நின்றார்கள். அப்புறம் ஆளுக்கொரு பஞ்சாரம் ஆயிற்று. காலையில் பனி விலகும்போது மேட்டிலிருந்து பார்த்தால் மனுசர் யாரும் தெரிய மாட்டார்கள், தேயிலைக்கு நடுவே வரிசை வரிசையாகக் கூடைகள்தான் நகரும், கூடையின் பக்கவாட்டில் வெட்டிய ஓட்டைகள் வழியாகக் கைகள் மட்டும் நீண்டு கொழுந்தைக் கிள்ளும். சம்பாதிக்கிறவன் ஈயம் பூசின கம்பி வைத்துக் கட்டினான், இல்லாதவன் ஓட்டையைச் சாக்குத் துணியால் அடைத்தான். கீழ்பாடி ஜெயராணி கல்யாணத்துக்கு ஜோடிப் பஞ்சாரம் முடைந்தார்கள், தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் முழங்கை மூங்கிலில் மாட்டிக்கொண்டு மேளம் மூச்சு வாங்குகிற வரைக்கும் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. "முதல் நாளே கூண்டுக்குள்ள போயிட்டியே மாப்ள" என்று கூட்டத்திலிருந்து ஒரு கூடை கத்தியது, எல்லாக் கூடைகளும் குலுங்கின.

அதோடு விடவில்லை. கோழிக்குஞ்சுக்கு ரோஸ் சாயம் பூசுவது மேல்பாடியில் எப்போதும் உள்ள வழக்கம், கலர் குஞ்சைக் கண்டால் வல்லூறு ஏதோ விஷப் பூச்சி என்று ஒதுங்கிப் போய்விடும் என்பார்கள். அதே சாயத்தைத் தலைக்குப் பூசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நரைத்த தலைகள் பளீரென்று தெரிந்தன. தொட்டில் பிள்ளைகள் அம்மா என்று சொல்வதற்கு முன்னாலேயே தொண்டைக்குள் "கிர்ர்ர்ர்" என்று இழுக்கக் கற்றுக்கொண்டன, அது வல்லூறைப் பார்த்ததும் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிடுகிற சத்தம். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இழுத்தால் லைன் முழுக்கக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். மாரியம்மன் சப்பரத்துக்கு முன்னாலும் பின்னாலும் நீட்டிப் பந்தல் கட்டினார்கள், அம்மனுக்குப் பயம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கட்டினார்கள்.

அதே நாட்களில் பறவைகளுக்குத் துளிப் பயம் இல்லாமல் போயிற்று. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக நடந்து அடுக்களைக்குள் வந்து சோற்றுப் பானை விளிம்பில் உட்கார்ந்து கொத்தின. அணில் பூனையின் வாலைத் தாண்டாமல் அதன் மேலேயே ஏறிப் போயிற்று, பூனை கொன்று கொன்று சலித்து ஒரு கட்டத்தில் கொல்லுவதையே விட்டுவிட்டது. கொண்டைக்குருவியை உஷ் என்று கையால் தள்ளினாலும் அது தள்ளப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்க்கும். தங்கமாரியால் மற்ற எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது, அந்தப் பார்வையைத்தான் பார்க்க முடியவில்லை. பயம் இல்லாத சின்னக் கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், அது நல்ல காட்சி இல்லை.

இதற்கெல்லாம் மேல்பாடியில் ஒரு விளக்கம் இருந்தது, நெஞ்சில் இத்தனை பயம் இருக்கிறதென்றால் மேலே எத்தனை வல்லூறு சுற்ற வேண்டும் என்பதுதான் அது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே பாட்டன் காலத்து வைத்தியத்தையே செய்தார்கள். கோழி அறுத்தால் குடலைத் தூக்கிப் போட மாட்டார்கள், அதில் பூச்சிக்குப் போடுகிற குருணை மருந்தைக் கலந்து கூரை மேல் வைப்பார்கள், தின்ற வல்லூறு சோலைக்குத் திரும்பும் முன்னால் விழுந்துவிடும். முன்னெல்லாம் குஞ்சு தொலைந்தால் மட்டும் வைத்தார்கள், இப்போது ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். பேச்சித்தாயும் வைத்தவள்தான், கட்டிலுக்கு அடியில் போகிற வரைக்கும். மருந்து தொட்ட நாளில் மட்டும் அவள் சாம்பலும் புளியும் போட்டுத் தோல் உரிகிற மாதிரி கை கழுவுவாள். மீனுக்கோ கறிக்கோ அப்படிக் கழுவ மாட்டாள், அதற்குச் சோப்புப் போதும்.

வைக்க வைக்கப் பயம் கூடியது. கூடக் கூட வைத்தார்கள்.

தங்கமாரியின் சித்தப்பா வெள்ளைச்சாமி செத்தது அப்போதுதான். பஸ் ஸ்டாப்பில் யாரோ வெளியூர்க்காரர் கறுப்புக் குடையைச் சடாரென்று விரித்தார், சித்தப்பா "கிர்" என்று பாதிச் சத்தம் இழுத்தார், பஞ்சாரத்துக்குள்ளேயே உட்கார்ந்த வாக்கில் போய்விட்டார். கையில் பிடித்த கோழிக்குஞ்சு சில நேரம் அப்படிப் போகும், ஒரு காயமும் இருக்காது, உடம்பு மட்டும் தொங்கிவிடும். அப்படித்தான் இருந்தார். பஞ்சாரத்தோடு புதைத்தார்கள், எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

அன்று டிஸ்பென்சரி கம்பவுண்டர் பேச்சித்தாயைப் பார்க்க வந்தார். கட்டிலுக்கு அடியில் பஞ்சாரத்தோடு நுழைய முடியாமல் கையை மட்டும் நீட்டி நாடி பார்த்தார். "துடிப்பே தனித்தனியாத் தெரியல தாயி, ஒரே உதறலா ஓடுது" என்றார் தங்கமாரியிடம். "வெள்ளைச்சாமிக்கும் இப்படித்தான் ஓடிச்சு. இன்னொரு தடவ பயந்தா தாங்காது, சொல்லிட்டேன்." மாத்திரை கேட்டாள். "இதுக்கு என்னத்த மாத்திரை? நானே எனக்குத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு வாசலில் நின்று நிலை பிடித்து, மூச்சை இழுத்து, தண்ணீரில் குதிக்கிறவர் மாதிரி வெளியே போனார்.

சாயங்காலம் மஸ்டர் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பறவை மேடமும் வந்திருந்தார். காட்டுப் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், வருஷா வருஷம் பைனாகுலரோடு சோலைக்கு வருகிறவர். இந்தத் தடவை ஜீப்புக்கு அடியிலிருந்து அவரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது, அவருக்கும் ஒரு பழைய பஞ்சாரம் கொடுத்திருந்தார்கள்.

"வல்லூறு இப்ப அதிகம் இல்லைங்க" என்றார் மேடம் கூடைக்குள்ளிருந்து. "எனக்குப் பாடம் சொன்ன சார் காலத்துலேர்ந்து பார்த்துட்டு வர்றோம். கீழ்ச்சோலையை வெட்டி ஃபேக்டரி கட்டினப்ப பாதியாச்சு. அப்புறம் மருந்தடிக்க ஆரம்பிச்சப்ப இன்னும் இறங்குச்சு. நடுவுல தேயிலைக் கம்பெனி பூட்டிக் கிடந்த வருஷங்கள்ல மட்டும் நல்லா ஏறிச்சு, திறந்ததும் மறுபடி இறங்கிடுச்சு. இப்ப இந்தச் சோலையில எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான் இருக்கு. வெடிப்பலா மரத்துல, ஒத்தைப் பெட்டை."

கொட்டகையே சிரித்தது, பயந்த சிரிப்பு. "ஒண்ணா?" என்றார் ஆசீர்வாதம். "ஒத்தை வல்லூறுக்கா மேடம் இத்தனை பேருக்கு ஒதறுது? உங்க பைனாக்குலர வச்சிட்டு எங்க நெஞ்சுல காத வச்சுப் பாருங்க. வானம் கொள்ளாம இருக்கு."

மேடத்தின் கூடையும்தான் உதறிக்கொண்டிருந்தது. ஆனால் தங்கமாரிக்கு ஒன்று தட்டியது. கம்பெனி பூட்டிக் கிடந்த வருஷங்கள். அவள் அப்போது சின்னப் பிள்ளை. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கு, அதுவும் ஒரு வேளை. கோழி வளர்த்தால் குஞ்சு நிலைக்காது, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று வல்லூறு தூக்கும், மருந்து வாங்க யாரிடமும் காசு கிடையாது. ஆனால் அந்த வருஷங்களில் மேல்பாடி முழுக்க முற்றத்தில்தான் படுத்தது. மல்லாந்து, வாயைப் பிளந்து, வானத்துக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு படுத்தது. அம்மாவின் வயிற்றின் மேல் தலை வைத்து அவள் படுத்திருக்கிறாள், அந்த வயிறு பசியில் உறுமியதே தவிர ஒரு தடவைகூட உதறியதில்லை.

"நீங்க எல்லாம் தலைகீழாப் பாக்கிய" என்று எழுந்து நின்று சொன்னாள். "வல்லூறு இருந்தப்ப குருவி பயந்துச்சு, கோழி பயந்துச்சு. நமக்கு ஒண்ணும் இல்ல. இப்ப அதுகள்லாம் பயப்படல, நாம பயப்படுதோம். இது அதுகளோட பயம். வல்லூறு செத்தா நமக்கு வருது. கூரையில மருந்து வச்சு வச்சு நாமதான் வாங்கிக்கிட்டோம்."

கூடைகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின.

"பத்தாவது தாண்டாதவ பாடம் எடுக்கா" என்றது ஒரு கூடை.

"நீரு எத்தனாவது மாமா?" என்றாள் தங்கமாரி. அந்தக் கூடை உட்கார்ந்துவிட்டது. ஆனால் சிரிப்போடு அது முடிந்தது, நம்பிக்கையோடு முடியவில்லை. விடிந்ததும் எல்லாக் கூரையிலும் ஒரே நேரத்தில் மருந்து வைப்பது என்று முடிவு செய்தார்கள், ஒரு வீடு விடாமல்; அதற்கென்று எஸ்டேட் முழுக்க அன்றைக்கே கோழி அறுத்தார்கள். கோழிகள் ஓடவில்லை. கத்திக்குப் பக்கத்தில் வந்து நின்று என்ன என்று பார்த்தன.

தங்கமாரி வீட்டில் மட்டும் அறுக்கவில்லை. ஒரே ஒரு பெட்டைக் கோழியும் அதன் ரோஸ் குஞ்சுகளும்தான் இருந்தன. மறுநாள் காலையில் அவள் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஓட்டு வரிசை முழுக்கச் சிவப்புச் சிவப்பாக ஈரம் மின்னியது. மைதானத்துக்கு அந்தப் பக்கம், சோலை ஆரம்பிக்கிற இடத்தில், வெடிப்பலா மரத்தின் காய்ந்த கிளையில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆசீர்வாதம் வீட்டுக் கூரையைத்தான் அது பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி ஒன்று. அது இறங்கித் தின்றால் அதன் பங்குப் பயமும் சேர்ந்து வரும், வந்தால் அம்மாவின் நெஞ்சு தாங்காது. கூரைக்கு வரும் முன்னால் அதற்கு வேறு நல்ல இரை காட்ட வேண்டும், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, செய்ய மட்டும்தான் இருந்தது.

வெந்நீர் வைத்தாள். குஞ்சுகளில் கொழுத்த ஒன்றைப் பிடித்து, சோப்புப் போட்டு, ரோஸ் சாயம் போகத் தேய்த்துக் கழுவினாள், அடியில் வெளிர் மஞ்சள் நிறம் வந்தது. அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தாள். அது அவள் விரலைக் கொத்தி விளையாடியது. "கொத்தாத" என்று விரலை இழுத்துக்கொண்டாள். கோழியையும் கழுவின குஞ்சையும் சேலை முந்தியில் சுற்றிக்கொண்டு, பஞ்சாரத்தை எடுத்தாள், யோசித்தாள், திரும்ப வைத்தாள். பஞ்சாரத்தைப் பார்த்தால் வல்லூறு இறங்காது.

வாசலில் இருந்து மைதானத்தின் நடுவு வரைக்கும் அவள் நடந்த நடையை மேல்பாடி முழுக்கக் கதவிடுக்கில் பார்த்தது. நடை என்று சொல்ல முடியாது. முதலில் நிமிர்ந்து போனாள், கொஞ்சத்தில் முதுகு வளைந்தது, அப்புறம் கை தரையைத் தொட்டது, அப்புறம் முழங்கால். வானம் ஒரு உள்ளங்கை மாதிரி மேலே கவிழ்ந்து கீழே கீழே இறங்குவது போல் இருந்தது. சேலை நனைந்ததை உணர்ந்தாள், பயத்தில் என்று புரிந்தது, சரி நனையட்டும் என்று தவழ்ந்தாள். எங்கேயோ ஒரு பிள்ளை "கிர்ர்ர்ர்" என்று இழுத்தது, கதவுகள் சாத்தின, அவளுக்குத்தான் சாத்த ஒரு கதவும் இல்லை. நடுவில் வந்ததும் முந்தியை அவிழ்த்தாள். கோழி உடம்பை உதறிக்கொண்டு புல்லைக் கிளறியது. குஞ்சு இரண்டு அடி தள்ளிப் போய், வெயிலில் நின்று, மேலே பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டது.

தங்கமாரி மேலே பார்த்தாள். கிளை காலியாக இருந்தது.

அது வந்த சத்தம் கேட்கவில்லை. காதோரம் ஒரு காற்று, அவ்வளவுதான், அப்புறம் புல்லின் மேல் அது நின்றது, காலுக்கு அடியில் குஞ்சு. காக்கை அளவுதான் இருந்தது. இத்தனை நாள், இத்தனை கூடை, ஒரு சாவு, எல்லாம் இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வயிற்றில் பழுப்பு வரி வரியாக, பின்தலையில் சின்னக் கொண்டையோடு, மஞ்சள் கண்ணால் அது அவளை ஒரு தடவை பார்த்தது, முதுகில் கை எட்டாத இடத்தில் இத்தனை நாளாகப் பார்த்த அதே பார்வை, இப்போது நேருக்கு நேர். அப்புறம் குஞ்சோடு எழும்பிச் சோலைக்குள் தாழப் பறந்து போயிற்று.

கோழி கத்தியது. மேல்பாடியில் எந்தக் கோழியும் கத்தி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அது கத்தினதும் அடுக்களைகளுக்குள்ளிருந்து தவிட்டுக்குருவிகள் வெடித்த மாதிரி வெளியே கொட்டின, அணில்கள் மரத்தைச் சுற்றி மறைந்தன, கொண்டைக்குருவிகள் வேலிக்குள் விழுந்து மூச்சுக் காட்டாமல் கிடந்தன. அந்தச் சத்தம் கட்டிலுக்கு அடியிலும் போயிற்று. கோழி வளர்க்கிறவளின் காதுக்கு அதைவிடப் பெரிய சத்தம் வேறு இல்லை.

"யாருட்டி குஞ்ச வெளிய விட்டது?" என்று கேட்டுக்கொண்டே மைதானத்துக்குள் ஓடி வந்தாள் பேச்சித்தாய், தலை விரிந்து கிடந்தது, கையில் ஒரு கல்.

"நாந்தான்."

"வல்லூறு தூக்கிட்டுப் போவுது, பாத்துக்கிட்டு நிக்க! அறிவுகெட்டவளே!" கல்லை ஓங்கினாள்.

"எம்மா, நீ எங்கன நிக்கேன்னு மொதல்ல பாரு."

பேச்சித்தாய் காலைப் பார்த்தாள். புல். சுற்றிலும் புல். தலைக்கு மேல் ஓடும் இல்லை, மூங்கிலும் இல்லை. கல் கையிலிருந்து நழுவியது. தங்கமாரி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி தனித்தனியாகத் தட்டியது, ஒன்று, அப்புறம் ஒன்று, அவசரமே இல்லாமல்.

ஒரு வல்லூறால் ஒரு வீட்டின் பயத்தைத்தான் சுமக்க முடியும்போல, அன்றைக்கு வெளியே வந்தவள் பேச்சித்தாய் ஒருத்திதான். ஆனால் ஒருத்தி போதுமாக இருந்தது. துறட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கூரையாகப் போய்க் குடலைத் தள்ளி இழுத்தாள், குழி தோண்டிப் போட்டாள். "ஏ பேச்சி, உன் பஞ்சாரம் எங்க?" என்று ஆசீர்வாதம் உள்ளேயிருந்து கத்தினார். "கோழிக்குப் போட்டிருக்கேன் சார். நீங்களும் அதுகூட உள்ள போறியளா?" என்றாள். அவளைப் பார்க்கத்தான் எல்லாரும் கதவைத் திறந்தார்கள்.

அதற்கப்புறம் முறை வைத்தார்கள். ஒரு வீடு மாற்றி ஒரு வீடு, சாயம் கழுவின குஞ்சை மைதானத்தில் விட்டார்கள். கூரையில் யாரும் எதையும் வைக்கவில்லை. மழை ஓய்ந்ததும் எங்கிருந்தோ ஒரு ஆண் வல்லூறு வந்து சேர்ந்தது, வெடிப்பலா உச்சியில் சுள்ளிக் கூடு தெரிந்தது, அடுத்த வெயிலில் வெள்ளைப் பஞ்சாகக் குஞ்சுகள் தலை நீட்டின, ஒவ்வொரு குஞ்சு சிறகு முளைத்துப் பறக்கும்போதும் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தர் பஞ்சாரத்தைக் கழற்றி மூலையில் சாத்தினார். ஆசீர்வாதம் கடைசியாகக் கழற்றினார், தலையில் ரோஸ் சாயம் மட்டும் அப்படியே இருந்தது, அவருக்கு அது பிடித்துப்போயிருந்தது. பறவை மேடம் வந்து சோலையைச் சுற்றிவிட்டு, "ஏறுது, நல்லா ஏறுது" என்று நிமிர்ந்து நின்று சிரித்தார். பஞ்சாரங்களை உடைத்து வெந்நீர் போட்டார்கள். முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

பயம் போனதும் அந்த இடத்தில் மறதி வந்து உட்கார்ந்தது. பயத்துக்குத் தழும்பு கிடையாது, போனால் போனதுதான். முதலில் முறை வைக்கிறதை விட்டார்கள், வல்லூறுகள் தாங்களாகவே தூக்கிக்கொண்டன, அப்புறம் தூக்குகிறதே என்று சலித்தார்கள். பேச்சித்தாய் சந்தையிலிருந்து கழுத்தறுத்தான் கோழி ஒன்று வாங்கி அடை வைத்திருந்தாள், கழுத்தில் இறகில்லாத அந்த ஜாதி அந்த மலைக்கே புதுசு, எல்லாரும் வந்து பார்த்தார்கள். பொரித்த குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"ஒண்ணாவது மிச்சம் வைக்கப்பிடாதா அந்தச் சனியன்?" என்றாள்.

"கட்டிலுக்கு அடியில கெடந்தத மறந்துட்டியா?" என்றாள் தங்கமாரி.

"எந்தக் கட்டிலு?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டாள். ஊரில் எல்லாருடைய பயமும் போயிருந்தது, தங்கமாரியுடையது போகவில்லை, திசை மாற்றிக்கொண்டது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வெடிப்பலாக் கிளையைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தால் சோறு இறங்கியது. இல்லையென்றால் வருகிற வரைக்கும் கொழுந்தில் கை போகாது, "என்னட்டி வானத்துல மாப்பிள்ளை தேடுதியா" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கிளை காலியாக இருந்தது. கூட்டு ஓரமும் காலியாக இருந்தது. இரை தேடிப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தாள், லைன் முனை திரும்பும்போது ஓடினாள். பேச்சித்தாய் முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் சாம்பல். உருட்டின புளி. தோல் உரிகிற மாதிரி தேய்த்தாள், தண்ணீர் ஊற்றினாள், மறுபடியும் சாம்பல் எடுத்தாள்.

"என்னத்தம்மா தொட்ட?"

"மீனு கழுவினேன்." மகளைப் பார்க்காமல் சொன்னாள். வீட்டில் மீன் வாடை இல்லை. கழுத்தறுத்தான் கோழி குஞ்சு இல்லாமல் தனியாக முற்றத்தைக் கிளறிக்கொண்டிருந்தது.

தங்கமாரி வாயைத் திறப்பதற்குள் வேலியிலிருந்து ஒரு கொண்டைக்குருவி பறந்து வந்து பேச்சித்தாயின் தோளில் உட்கார்ந்தது. பேச்சித்தாய் ஈரக் கையால் தட்டிவிட்டாள். அது போகவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். கையின் மேலேயே ஏறி நின்று, தலையைச் சாய்த்து, அவளைச் சின்னக் கண்ணால் பார்த்தது. ஓட்டு மேலிருந்து தவிட்டுக்குருவிகள் ஒவ்வொன்றாக இறங்கி, வாசல்படியில் நடந்து, அடுக்களைக்குள் போக ஆரம்பித்தன.

"எம்மா, மேல பாக்காத" என்றாள் தங்கமாரி.

பேச்சித்தாய் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால், அதற்கு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.